மூன்று சுவருக்கும் ஒரே கயிறு

என் அண்ணன் பொய் சொல்கிறான். முக்கோணத்தில் கோண இருசமவெட்டி எது, நடுக்கோடு எது என்று அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம். தெரிந்தேதான், தங்கச்சி மேல் இருந்த பாசத்தில், ராட்டினத்தின் கம்பத்தை அந்த இடத்தில் நட்டானாம். கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் இதைச் சொல்கிறான். கேட்கிறவர்களும் இலையில் சோறு ஆறுவது தெரியாமல் தலையாட்டுகிறார்கள். அவனுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தறி ஊர். ராவும் பகலும் தறி ஓடும். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மட்டும்தான் நிறுத்துவார்கள். காது கொஞ்சம் ஓயட்டும் என்று நினைத்தால் அதற்குள் கோயில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். கட்டுகிறவன் என் அண்ணன். ஊரிலேயே ஒரே மைக் செட் அவனுடையது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

கோயிலை ஒட்டி ஒரு மைதானம். மைதானம் என்றதும் சதுரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முக்கோணம். ஒரு பக்கம் கோயில் சுவர், அறுபது அடி. அதன் ஒரு முனையில் மட்டம் வைத்தது போலத் திரும்பி ஓடும் தறிக்குடோன் சுவர், எண்பது அடி. இந்த இரண்டு சுவர்களின் மறுமுனைகளையும் சேர்த்துக்கொண்டு சாய்வாக ஒரு கடைவரிசை, நூறு அடி. முன்னே பின்னே ஒரு சாண் இருக்கலாம். அதற்காக யாரும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அந்தக் கடைவரிசையின் நட்டநடுவில் எங்கள் பேக்கரி. என் வீட்டுக்காரர் அடுப்பு, நான் கல்லா. கடைக்கு ரோட்டைப் பார்த்து ஒரு வாசல், மைதானத்தைப் பார்த்து ஒரு வாசல். மைதானத்துப் பக்கம் எங்கள் இடம் எல்லைக்கல் வரைக்கும் உண்டு. மேலே சொன்ன நூறு அடியும் அந்தக் கல் வரிசையில் அளந்ததுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெயில் காலத்தில் அந்த எல்லைக்கல் வரை தகரக் கொட்டகை போட்டு, அடியில் பெஞ்ச் போட்டோம். உள்ளே அடுப்புச் சூட்டில் மனுசன் உட்கார முடியாது. தறியிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு டீ, ஒரு தேங்காய் பன், பிறகு இன்னொரு டீ என்று இருப்பார்கள். கொட்டகை இருந்தால் பேக்கரி. இல்லாவிட்டால் பன் விற்கிற ஜன்னல். நாங்கள் போட்ட கையோடு, இனிமேல் மைதானத்தைப் பார்த்து யாரும் புதிதாகக் கொட்டகை போடக் கூடாது என்று ஊரில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதாவது, நிற்கிற கொட்டகை நிற்கலாம். ஒரு தடவை இறக்கினால் மறுபடி ஏறாது.

இப்போது என் அண்ணன் படித்த கதை. என்னைவிட ஒரு வயது மூத்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, மறு வருடம் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தான். தங்கச்சியோடு ஒரே வகுப்பா என்று அவனுக்கு வெட்கம். இவன் அண்ணன் என்று சொல்ல எனக்கு வெட்கம். ஜியோமெட்ரி நடந்த அன்று வாத்தியார் அவனைத்தான் எழுப்பினார்.

"கோணத்தைச் சரிபாதியா வெட்டற கோடு, எதிர்ப்பக்கத்தை எப்படிடா வெட்டும்?"

"அதையும் சரிபாதியாத்தானுங்க சார்."

"போன வருசமும் இதையேதான சொன்னே?"

"ஆமாங்க சார். மாத்திப் பேசற பழக்கம் நமக்கில்லீங்க."

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார், அதுதான் வினை. அடித்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

சரியான பதில் இதுதான். கோணத்தைச் சரிபாதியாக வெட்டுகிற கோடு எதிர்ப்பக்கத்தைச் சரிபாதியாக வெட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த மூலையிலிருந்து கிளம்பும் இரண்டு பக்கங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அதே விகிதத்தில்தான் எதிர்ப்பக்கம் வெட்டுப்படும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் பாதிப் பாதி. மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு இழுக்கிற கோடு வேறு, அதற்கு நடுக்கோடு என்று தனியாகப் பெயரே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை அப்பா என்று கூப்பிட முடியாது அல்லவா? அதே மாதிரிதான்.

நாங்கள் கொட்டகை போட்ட அந்த வருட நோம்பிக்குப் பவானிப் பக்கத்திலிருந்து சங்கிலி ராட்டினம் வந்தது. நடுவில் இரும்புக் கம்பம், மேலே குடை மாதிரி ஒரு சக்கரம், அதிலிருந்து சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள். டீசல் இன்ஜினை முடுக்கினால் நாற்காலிகள் வட்டமாக விரிந்து பறக்கும். ராட்டினக்காரர் அதிகம் பேசாத ஆள். வந்ததும் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு நோம்பிக் குழுவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"ஆள் ஏறி முழு வேகத்துல ஓடுனா பதினெட்டு அடி விரியுமுங்க. மூணு பக்கமும் அவ்வளவு இடம் வேணுமுங்க. கம்பத்தை எங்க நடறதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லிருங்க, ஊர் மைதானம் உங்களுக்குத்தான் தெரியும்."

அந்தக் குழுவிலிருந்து என் அண்ணன் எழுந்தான்.

"இதெல்லாம் ஜியோமெட்ரிங்க. நான் பார்த்துக்கறேன். நாமெல்லாம் ரெண்டு வருசம் படிச்சவங்க."

தோற்றதைத் தகுதியாகச் சொல்கிற ஆள், நான் பார்த்ததில் அவன் ஒருவன்தான்.

அவன் செய்தது இது. தேங்காய் நார்க் கயிறு எடுத்தான். கோயில் சுவரும் குடோன் சுவரும் சேருகிற மூலையில் ஒரு முனையைக் கட்டினான். எதிரே கடைவரிசையை டேப்பால் அளந்து, நட்டநடுவில், அதாவது எங்கள் பேக்கரி வாசலில், ஒரு குச்சியை அடித்து மறுமுனையைக் கட்டினான். "மூலையையும் ரெண்டாப் பொளந்தாச்சு, எதுத்தாப்பல இருக்கறதையும் ரெண்டாப் பொளந்தாச்சு" என்று ஒரு சத்தம். அடுத்து குடோன் சுவரின் மறுகோடி மூலையிலிருந்து கோயில் சுவரின் நடுவுக்கு இன்னொரு கயிறு. இரண்டும் குறுக்கிட்ட இடத்தில் காலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க நடுங்க" என்றான். நட்டார்கள். நான் அப்போது நோம்பிக்கு வர்க்கியும் தேன் கேக்கும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் போட்ட சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. அவன் எப்போதும் ஏதாவது சத்தம் போடுகிறவன்தானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலி நாற்காலியை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். எதுவும் இடிக்கவில்லை. சாமிக்குத் தேங்காய் உடைத்து நோம்பியைத் தொடங்கினார்கள்.

பொழுதோடு கூட்டம் சேர்ந்தது. நாற்காலி அத்தனையிலும் ஆள். இன்ஜினை முடுக்கினார் ராட்டினக்காரர். நாற்காலிகள் விரிந்தன, உயர்ந்தன, எங்கள் தகரத்தின் உயரத்துக்கு வந்தன. பிறகு 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொரு டமார். வரிசையாக ஒவ்வொரு நாற்காலியும் எங்கள் கொட்டகைத் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டு போனது. யாரோ ஒருவரின் செருப்பு பறந்து வந்து பிஸ்கட் பாட்டில் மேல் விழுந்தது. ஏறியிருந்தவர்களில் பாதிப் பேர் அலறினார்கள், மீதிப் பேர் அதுவும் ராட்டினத்தில் சேர்த்திதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். யாருக்கும் அடி இல்லை. நல்லவேளை, தகரத்துக்கு மட்டும்தான்.

இன்ஜின் நின்றது. கூட்டம் மொத்தமும் எங்கள் கடையைப் பார்த்தது. அப்போது வேப்பமரத்திலிருந்து என் அண்ணன் குரல் வந்தது.

"அலோ, அலோ. பொதுமக்கள் கவனத்திற்கு. பேக்கரிக் கொட்டகை மைதானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காரணத்தால் ராட்டினம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. பேக்கரி உரிமையாளர் உடனடியாகக் கொட்டகையைப் பிரித்து ஒத்துழைக்குமாறு நோம்பிக் குழு சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்."

பேக்கரி உரிமையாளராம்! என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவன், என்னைப் பார்த்து உரிமையாளர் என்கிறான். வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர்கள் வாயிலிருந்து நானே மிட்டாயைப் பிடுங்கியது போல. அடுத்த நொடி கோயில் வாசலில் மாவிளக்கு வைத்துவிட்டு வந்த ஒரு அம்மா என் காதுபட, "இவங்களுக்கு எடம் பத்தலையாமா, ஆத்தா மைதானமும் வேணுமாமா" என்றாள்.

என் வீட்டுக்காரர் சாது. ஏணியை எடுத்துவிட்டார்.

"உடு புள்ள. நோம்பி அதுவுமா எதுக்கு வம்பு. ஒரு பக்கத் தகரத்தைக் கழட்டிப்போடலாம்."

"கழட்டுனா மறுபடி மாட்ட உடுவாங்களா? ஏணியை உள்ள வைங்க."

நேராக மைக் இருந்த இடத்துக்குப் போனேன்.

"ஏனுங்ணா, கொட்டகை எங்கெங்ணா நீட்டிட்டு இருக்குது? எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தான நிக்குது? கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?"

"கல்லுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இடிக்குதா இல்லையா அம்மணி?"

"கம்பத்தைத் தப்பான எடத்துல நட்டா இடிக்காம முத்தமா குடுக்கும்?"

"அது தப்பான எடம் இல்லம்மணி. கோணத்தை ரெண்டா வெட்டி, கயிறு போட்டு, சாஸ்திரப்படி நட்டது. மூணு பக்கமும் சமம்."

"சமமுன்னா என் தகரத்துல மட்டும் ஏனுங்ணா பறை அடிக்குது?"

"அதுதான் சொல்றேன், உன்ற தகரம் நீண்டுட்டு இருக்குதுன்னு. எடம் சரியா இருந்து இடிக்குதுன்னா, நீட்டுனவங்க மேலதான் தப்பு. இது லாஜிக்."

அவன் பேசியது முழுவதும் மைக்கில் கேட்டது. நான் பேசியது கேட்கவில்லை. மைக்கை அவன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஊருக்கு அன்றைக்குக் கிடைத்தது பாதிச் சண்டைதான், அதுவும் அவன் பாதி.

அந்த ராத்திரி அதற்கு மேல் ராட்டினம் ஓடவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் ஒரு குச்சி தட்டிக் கால் இடறிற்று. குனிந்து பார்த்தால் கயிற்று முடிச்சோடு ஒரு சவுக்குக் குச்சி. டேப்பை எடுத்துக் கடைவரிசையின் இரண்டு முனையிலிருந்தும் அளந்தேன். இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. அப்படியே கோயில் சுவரோரம் போனேன். அங்கேயும் ஒரு குச்சி, அதுவும் சுவரின் நட்டநடுவில். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்பில் அவன் சொன்ன பதிலைக் குச்சி அடித்து எழுதி வைத்திருந்தான். மாற்றிப் பேசுகிற பழக்கம்தான் அவனுக்கு இல்லையே.

கோயில் சுவரும் குடோன் சுவரும் சேருகிற மூலைக்கு இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் எண்பது. அப்படியானால் அந்த மூலையைச் சரிபாதியாக வெட்டுகிற கோடு, எதிரே இருக்கும் நூறு அடியையும் அறுபதுக்கு எண்பது என்ற கணக்கில்தான் வெட்டும். கோயில் பக்கமிருந்து நாற்பத்து மூன்று அடி வரும். அதாவது அவன் குச்சி எங்கள் பேக்கரி வாசலில் இருக்கவே கூடாது. ஏழு அடி தள்ளி, பக்கத்து எஸ்.டி.டி. பூத் வாசலில் இருக்க வேண்டும். நடுக்கோடுகளைச் சேர்த்தால் வருகிற புள்ளி, அட்டையில் வெட்டிய முக்கோணத்தை விரல் நுனியில் நிறுத்தி வைக்கத்தான் சரி. சுவர்களிலிருந்து சம தூரம் வேண்டுமென்றால் அது உதவாது. மூன்று பக்கங்களில் எது நீளமோ அதன் பக்கம் சாய்ந்து நிற்கும். நீளமான பக்கம் எது? எங்கள் கடைவரிசை.

பப்ஸ் மடிக்கிற மேஜையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, மைதானத்தின் வடிவத்தில் முக்கோணமாக வெட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பண்றே?"

"உங்க மச்சானுக்குப் பாடம்."

"கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். சித்தெ புரியற மாதிரி சொல்லு."

"இந்த மூலையில ரெண்டு விளிம்பு இருக்குதா? ஒரு விளிம்பு மேல இன்னொரு விளிம்பு அப்படியே உக்கார்ற மாதிரி மடிங்க. சோமாஸ் மடிக்கறாப்பல."

மடித்தார். பிரித்தார். மூலையிலிருந்து ஒரு மடிப்புக்கோடு ஓடியது.

"இந்தக் கோட்டு மேல எங்க நின்னாலும் ரெண்டு விளிம்புக்கும் ஒரே தூரம். மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதில்லீங்களா? அப்பறம் எப்படி ஒண்ணு எச்சா இருக்கும், ஒண்ணு கம்மியா இருக்கும்? இப்ப அடுத்த மூலையையும் மடிங்க."

அதையும் மடித்துப் பிரித்தார். இரண்டு மடிப்பும் ஒரு இடத்தில் குறுக்கே போயின. நான் கேட்பதற்கு முன்பே அவர் விரலை வைத்தார்.

"முதல் கோட்டு மேல இருக்கறதால இந்த ரெண்டுக்கும் ஒரே தூரம். ரெண்டாவது கோட்டு மேலயும் இருக்கறதால இந்த ரெண்டுக்கும் ஒரே தூரம். அப்ப மூணுக்குமே ஒரே தூரம்."

"இதை உங்க மச்சான் ரெண்டு வருசம் படிச்சாரு."

"அவரு மைக்குலயே படிச்சிருப்பாரு" என்றார். சாது என்று சொன்னேனே, அவ்வளவு சாது இல்லை.

அவர் டால்டா டப்பா மூடி ஒன்றை எடுத்து அந்தப் புள்ளியில் மையமாக வைத்தார். மூன்று விளிம்பையும் ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு என் அண்ணன் புள்ளிக்கு நகர்த்தினார். நீள விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. "இதுதான் நம்ம தகரம்" என்றார். ஏணியை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ராட்டினக்காரர் டீ குடிக்க வந்தார். பேப்பரைக் காட்டினேன்.

"யாரு சரின்னு எனக்கு வேண்டாமுங்க. மூணு பக்கமும் ஒரே இடைவெளி வர்ற எடத்தைக் காட்டுங்க. மத்தியானத்துக்குள்ள நட்டுப்போடறேன். இல்லீனா வேற ஊரு நோம்பி காத்துட்டு இருக்குது, நான் வண்டி ஏத்தறேன்."

இதை அவர் சொன்னது கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ராட்டினம் போய்விடும் என்ற பேச்சு போதும், ஊர் எழுந்து வந்துவிடும். வந்தது.

ஒரு கிண்ணம் மைதா, ஒரு கயிறு. கோயிலும் குடோனும் சேருகிற மூலையில் நின்றேன். மூலையிலிருந்து கோயில் சுவரில் ஒரு கயிறு நீளம் அளந்து ஒரு குறி, குடோன் சுவரில் அதே நீளம் அளந்து இன்னொரு குறி. கயிற்று முனையை முதல் குறியில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் மைதாவால் ஒரு வளைவு. இரண்டாவது குறியில் பிடித்து அதே நீளத்தில் இன்னொரு வளைவு. இரண்டு வளைவும் வெட்டிய இடத்தையும் மூலையையும் சேர்த்து நேராக ஒரு கோடு, கடைவரிசை வரைக்கும். அது எஸ்.டி.டி. பூத் வாசலில் போய் நின்றது. பூத்துக்காரர் பயந்துபோய், "ஏனுங்க, எனக்கும் கொட்டகைக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார்.

என் அண்ணன் வந்தான்.

"என்னம்மணி, மைதாவுல கோலமா?"

"ஆமாங்ணா. உங்க கயிறு என் கடை வாசல்ல நிக்குது, என் கோடு பூத்து வாசல்ல நிக்குது. ரெண்டுல எது மூலையைச் சரிபாதியா வெட்டுது, சொல்லுங்க."

"என்றதுதான். ரெண்டு பக்கமும் அம்பது அம்பது, அளந்து பார்த்துக்க."

"எதிர்ச்சுவரு அம்பது அம்பதுங்ணா. நான் கேக்கறது மூலையை."

"மூலையைச் சரியா வெட்டுனா எதிர்ச்சுவரு தன்னால சரியா வெட்டுப்படும். அதுதான் தேற்றம்."

"அது உங்க தேற்றம்."

அடுத்து குடோன் மறுகோடி மூலையிலும் அதே மாதிரி வளைவு போட்டுக் கோடு இழுத்தேன். இரண்டு கோடும் குறுக்கிட்ட இடம், நின்றிருந்த கம்பத்திலிருந்து ஆறேழு அடி கோயில் பக்கமாகத் தள்ளி இருந்தது. அப்போதுதான் பூசாரி வாயைத் திறந்தார்.

"கோயில் பக்கமா தள்ளறதுங்களா? ராட்டினத்துல ஏறறவங்க காலு ஆத்தா செவுத்தைப் பார்த்து நீளுமுங்க. அது ஆகாதுங்க."

கூட்டம் சலசலத்தது. என் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். "அதேதான். ஆத்தாளுக்கு எடம் விட்டுத்தான் நான் நட்டேன்" என்றான். பாருங்கள், இப்போது இது இரண்டாவது காரணம். சற்று முன்பு மூன்று பக்கமும் சமம் என்றவன்.

நான் ராட்டினக்காரரைப் பார்த்தேன். "ஏனுங்க, ஏறறவங்க காலு எந்தப் பக்கம் நீளும்?"

"போற தெசையிலதானுங்க. மோட்டார் சைக்கிள்ல ஏறுனா காலு முன்னாலதான இருக்கும், வயக்காட்டைப் பார்த்தா நீளும்? சுத்தி வர்றப்ப செவுத்துக்குத் தோளுதானுங்க காட்டுவாங்க."

பூசாரி தன் தோளை ஒரு தடவை தடவிக்கொண்டார். "தோளுன்னா தப்பில்லீங்க" என்றார். ஆத்தாளுக்குத் தோள் காட்டலாம் என்று அன்றைக்குத்தான் ஊர் தெரிந்துகொண்டது.

கடைசியாகக் கயிறு. மைதாக் கோடுகள் வெட்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையை எடுத்துக்கொண்டு நேராகக் கோயில் சுவருக்குப் போனேன், சுவரைத் தொட்ட இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டேன். குடோன் சுவருக்குப் போனேன், முடிச்சு சுவரைத் தொட்டது. எல்லைக்கல் வரிசைக்கு, எங்கள் கொட்டகைப் பக்கத்துக்கு வந்தேன். முடிச்சு கல்லின் தலையில் உட்கார்ந்தது. மூன்று பக்கத்துக்கும் ஒரே கயிறு, ஒரே முடிச்சு. இருபது அடி. ராட்டினம் கேட்டது பதினெட்டு.

"இப்ப உங்க கம்பத்துல புடிங்ணா" என்றேன். அதே கயிற்றை அவனே வாங்கிக்கொண்டு போய்ப் பழைய கம்பத்தில் பிடித்தான். கோயில் பக்கம் முடிச்சு சுவருக்கு எட்டவே இல்லை. குடோன் பக்கம் சரியாகத் தொட்டது, அதில் ஒரு நொடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எங்கள் பக்கம் கல்லைத் தாண்டிக் கொட்டகைக்கு உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தறிக்காரர் மடியில் விழுந்தது. அவர் முடிச்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

கம்பத்தைப் பிடுங்கி நட்டார்கள். பொழுதோடு ராட்டினம் ஓடியது. முழு ஆள், முழு வேகம். நாற்காலிகள் தகரத்துக்கு முன்னால் வந்து, தகரத்தைத் தொடாமல் திரும்பிப் போயின. நான் கல்லாவிலிருந்து எழுந்துபோய் அந்த இடைவெளியில் நின்று பார்த்தேன். காற்று மட்டும் வந்தது. அந்த வருடம் எங்கள் கொட்டகைக்கு மின்விசிறி இல்லாத குறை தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? வேப்பமரம் மறுபடியும் பேசியது.

"அலோ, அலோ. பொதுமக்கள் கவனத்திற்கு. நோம்பிக் குழுவின் தீவிர முயற்சியால் பேக்கரிக் கொட்டகைப் பிரச்சனை சுமுகமாகத் தீர்க்கப்பட்டு, ராட்டினம் மீண்டும் இயங்குகிறது."

கொட்டகைப் பிரச்சனையாம். கம்பம் என்ற வார்த்தையே வரவில்லை. மைதானத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் ஊர் என்பது மைதானம் மட்டுமா? வீட்டில் இருந்தவர்களுக்கும் தறிக்குடோனில் படுத்திருந்தவர்களுக்கும் காதில் விழுந்தது மைக் சொன்னதுதான். அதனால் இன்றைக்கும் பாதி ஊர், "அந்த நோம்பியில பேக்கரிக்காரங்க கொட்டகையை உள்ள தள்ளிக் கட்டுனாங்களே" என்கிறது. தள்ளவில்லை. ஒரு விரற்கடைகூடத் தள்ளவில்லை. கொட்டகைக் கால் அதே குழியில் நிற்கிறது. கல்லும் அதே இடத்தில் நிற்கிறது. எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார்கூட, "நீங்கதானுங்களா அந்தக் கொட்டகைக்காரங்க?" என்று கேட்டார்கள். பன்னைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

கயிற்றுக் கதையை நான் சொல்லிச் சொல்லி, மெல்ல அது பரவ ஆரம்பித்ததும் அவன் மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தான். அதுதான் இந்தப் பாசம். "கூட்டம் உன்ற கடை முன்னாடியே நிக்கட்டும், நாலு பன்னு எச்சா போகட்டும்னுதாம்மணி கம்பத்தை உன் பக்கமா தள்ளி நட்டேன்" என்று என்னிடமே சொன்னான். அவனுக்கே கண் கலங்கிவிட்டது. கதை அவ்வளவு நன்றாக இருந்தது. உண்மையிலேயே கம்பத்தை மாற்றி நட்டபிறகு வரிசை எஸ்.டி.டி. பூத் முன்னால் போய்விட்டது, எனக்கு வியாபாரம் கொஞ்சம் குறைந்ததும் நிஜம். அதையும் சேர்த்துச் சொல்கிறான். பூத்துக்காரர் அந்த நோம்பியில் முறுக்கே விற்றார்.

ஆனால் பாசத்தில் தள்ளி நட்டவன் எதற்கு டேப்பை வைத்து ஐம்பது, ஐம்பது என்று அளக்க வேண்டும்? குச்சி எதற்குச் சரியாக நடுவில் இருக்க வேண்டும்? கோயில் சுவரின் நடுவில் எதற்கு இன்னொரு குச்சி? பாசம் டேப் பிடிக்குமா? அந்தக் குச்சி என்னிடம்தான் இருக்கிறது. காற்றில் கடைக் கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் அடியில் செருகுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், முடிச்சின் தடம்கூட இருக்கிறது.

அண்ணா, இனி உன்னிடம் நேராகவே பேசுகிறேன். என் காதில் தனியாக வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்பு தின்றுவிட்டு, "உடம்மணி" என்று சிரிக்கவும் வேண்டாம். நீ குற்றம் சொன்னது மைக்கில். பதிலும் மைக்கில்தான் வர வேண்டும். வருகிற நோம்பியில், கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில், அதே வேப்பமரத்தில் ஸ்பீக்கரைக் கட்டி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல். கொட்டகை எல்லைக்கல்லைத் தாண்டியதா, இல்லையா? நீ கட்டியது கோண இருசமவெட்டியா, நடுக்கோடா? ஒரு மூலைக்கு இந்தப் பக்கம் அறுபதும் அந்தப் பக்கம் எண்பதும் இருந்தால், அந்த மூலையைச் சரிபாதியாக வெட்டுகிற கோடு எதிர்ச்சுவரை எங்கே தொடும்?

மைக்கை இந்தத் தடவை என் பக்கமும் திருப்பி வை. சொல்லுங்ணா, ஊர் கேட்கட்டும்.